முக்கால் இடத்துக்கு முப்பது கார்டு

நாற்பத்தேழு வயதில், வேலைக்குப் போகிற மின்சார ரயிலில், எலிகளையும் குள்ளர்களையும் சேர்த்து நான் ஒரு படை திரட்டினேன். ராஜ்ஜியம் பிடிக்கிற ஆசையெல்லாம் இல்லை. நெமிலிச்சேரியிலிருந்து அம்பத்தூர் வரை உட்கார்ந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

வலது குதிகாலில் எலும்பு முள் மாதிரி வளர்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் டாக்டர். நிற்கிற வேலை செய்யக் கூடாது என்றார். நான் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் ஜீப்பும் தொப்பியும் நினைவுக்கு வரும். என்னிடம் இருப்பது வெர்னியர் என்கிற ஒரு அளவுகோல். லேத்தில் கடைந்து வரும் புஷ் என்கிற உலோக வளையங்களை அளந்து, நல்லதைப் பச்சைத் தட்டிலும் கெட்டதைச் சிவப்புத் தொட்டியிலும் போடுகிறவன். காலை எட்டரையிலிருந்து நின்றுகொண்டேதான் வேலை. ஒரு ஸ்டூல் கேட்டேன். உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும், அவர் உட்கார்ந்துதான் இருக்கிறார்.

“அப்ப போற வர்ற நேரத்துலயாவது உட்காருங்க” என்றார் டாக்டர். அவரிடம் கார் இருந்தது.

அதுவரை கம்பெனி வேனில்தான் போய்க்கொண்டிருந்தேன். செலவு என்று சொல்லி வேனை நிறுத்திவிட்டார்கள். ரயிலுக்கு வந்தேன். திருவள்ளூரிலிருந்து வரும் வண்டி நெமிலிச்சேரியை எட்டும்போது உட்காருவதற்கு இடம் தேடுவது, முகூர்த்த நாளில் பந்தியில் முதல் வரிசை தேடுவது மாதிரி. கிடைக்கவே கிடைக்காது. மாலையில் உட்காருகிற ஆசையை முதல் வாரமே விட்டுவிட்டேன். காலையில் மட்டும் மனசு கேட்கவில்லை. அந்த இருபது சொச்சம் நிமிஷம் உட்கார்ந்தால் பகல் ஓடிவிடும். உட்காராவிட்டால் பதினொரு மணிக்கே குதிகாலில் ஆணி அடிக்க ஆரம்பித்துவிடும். வீட்டிலும் சரி, வேலை இடத்திலும் சரி, வலி என்று யாரிடமும் வாய் திறந்ததில்லை. சொன்னால் கம்பெனியில் என்னைச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடுவார்கள் என்று பயம். வீட்டில் சொன்னால் எண்ணெய், ஒத்தடம், அக்கம்பக்கத்து வைத்தியம் எல்லாம் வந்துவிடும்.

நான் ஏறும் பெட்டியில் ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்கு பேர் என்பது நம் ரயிலின் எழுதாத சட்டம். ஆக எட்டுப் பேர். எட்டுப் பேரும் தினமும் அதே எட்டுப் பேர். ஒரு காலத்தில் மடிமேல் பெட்டியை வைத்து அதன்மேல் சீட்டுக்கட்டைப் போட்டு ஆடியவர்களாம். வண்டியில் சீட்டாடக் கூடாது என்று கண்டிப்பு வந்ததும் திருந்திவிட்டார்கள். போனில் ஆடத் தொடங்கினார்கள். டிராகன், சூனியக்காரி, பேசும் மரம் எல்லாம் வருகிற மாயாஜாலக் கார்டு ஆட்டம். பேரப்பிள்ளை எடுத்தவர்கள் காலை ஏழே முக்காலுக்கு, “உன் பூதத்த ஏன்டா என் மேல ஏவுன?” என்று சண்டை போட்டுக்கொள்வதைப் பார்க்க வேண்டும்.

அவர்களில் எட்டாவது ஆள் ஆவடியில் இறங்கிவிடுவார். பெஞ்சின் ஓரத்து இடம். முழு இடம்கூட இல்லை, முக்கால் இடம். அவர் இறங்கியதும் அந்த முக்கால் இடத்தில் யாராவது தன் பையைத் தூக்கி வைப்பார்கள். பை அம்பத்தூர் வரைக்கும் சுகமாக உட்கார்ந்து வரும். நான் அதன் பக்கத்தில் நின்று வருவேன். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ஒருநாள், “அந்தப் பைய எடுக்கறீங்களா?” என்றேன்.

நடுவில் உட்கார்ந்திருந்த நரைமீசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

“அண்ணாத்தே, டெக் கீதா?”

“என்ன டெக்?”

“முப்பது கார்டு. டெக் கீறவன்தான் இங்க குந்தலாம். திங்கக்கெழம திங்கக்கெழம எட்டாவது ஆளோட ஆடணும். ஜெயிச்சா எடம் உன்து. ஆவடி வர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சிருணும்.”

“பைக்கு டெக் இருக்கா?” என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அன்று மாலையே வேலை முடிந்து பிளாட்பாரத்தில் நின்றபடி அந்த ஆட்டத்தைப் போனில் இறக்கிக்கொண்டேன்.

தலைவர் இன்னொரு விதியும் சொல்லியிருந்தார். ஒரு பைசா போட்டு கார்டு வாங்கக் கூடாது. வாங்கியிருக்கிறோமா என்று போனை வாங்கிப் பார்ப்பார். “காசு போட்டா அது ஆட்டமில்ல நைனா, கடை” என்பது அவர் கொள்கை. ஆக ஆட்டம் இலவசமாகத் தரும் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு படை கட்ட வேண்டும். தினமும் ஆட்டம் கொடுக்கும் மூன்று வேலையை முடித்தால் ஒரு பாக்கெட். பாக்கெட்டுக்குள் ஐந்து கார்டு. ஐந்தில் நான்கு, ஏற்கெனவே நம்மிடம் இருப்பது.

புதியவர்களுக்கான பட்ஜெட் டெக் என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. ஒரு வெளிநாட்டுப் பையன் தொண்டை கிழியக் கத்தி, யார் வேண்டுமானாலும் கட்டலாம் என்று ஒரு டெக் காட்டினான். அதில் நான்கு தங்க ஓரம் போட்ட கார்டு. தங்க ஓரம் என்றால் வருஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அதிர்ஷ்டம். பட்ஜெட் என்ற வார்த்தைக்கு அவன் ஊரில் வேறு அர்த்தம் போலிருக்கிறது. ஆனாலும் அவன் சொன்ன ஒரு விஷயம் மண்டையில் ஏறியது. முதல் சுற்றில் நமக்கு ஒரு துளி மந்திர சக்தி, இரண்டாவதில் இரண்டு துளி, இப்படி ஏறும். டிராகன் இறக்க எட்டுத் துளி வேண்டும். ஏழை என்ன செய்ய வேண்டும் என்றால், ஒரு துளி, இரண்டு துளி கார்டுகளாகவே படையை நிரப்பி, பணக்காரனின் டிராகன் எழுந்து பல் விளக்கிக் காபி குடித்து வருவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும்.

நல்ல யோசனைதான். அதைச் செய்யக் கார்டு வேண்டுமே. வேண்டாத கார்டை உடைத்தால் பொடி கிடைக்கும், பொடியைச் சேர்த்து வேண்டிய கார்டைச் செய்துகொள்ளலாம் என்று ஆட்டத்தில் ஒரு வசதி. உடைத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. தேவையில்லாததைக் கழித்துக் கட்டுவதில் எனக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவன் என்னை மனதில் வைத்துத்தான் கண்டுபிடித்திருப்பான் என்று தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கார்டுகளை இன்ஸ்பெக்ஷன் பண்ண ஆரம்பித்தேன். ஒவ்வொரு கார்டிலும் இடது பக்கம் ஒரு எண், எவ்வளவு அடிக்கும் என்பது. வலது பக்கம் ஒரு எண், எவ்வளவு அடி தாங்கும் என்பது. நடுவில் நுணுக்கி நுணுக்கி இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். அதை நான் படிக்கவில்லை. எண் அளவுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் தொட்டி. புஷ்ஷிடம் உன் சுபாவம் என்ன என்று எந்த இன்ஸ்பெக்டரும் கேட்பதில்லை.

அப்படி அளந்துகொண்டு வரும்போது ஒரு விளக்குக்காரி வந்தாள். கையில் லாந்தரோடு நிற்கும் ஒரு பெண். அடிப்பது பூஜ்யம். தாங்குவது இரண்டு. பூஜ்யம்! இதை யார் கடைந்தது, எந்த ஷிஃப்ட்டில் கடைந்தது என்று எனக்கு எரிச்சலே வந்துவிட்டது. உடைத்தேன். மற்றக் கார்டை உடைத்தால் ஒரு சிட்டிகை பொடி வரும். இவளை உடைத்ததும் திரை நிறையக் கொட்டியது. சுற்றிலும் தங்க ஓரம் இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. அப்போதும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. கழிசடைக்கு நல்ல விலை வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

முதல் திங்கட்கிழமை, தலைவர் போனை வாங்கிப் பார்த்தார். காசு போடவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, போகிற போக்கில் நான் உடைத்த கார்டுகளின் கணக்கையும் பார்த்தவர் அப்படியே உறைந்துவிட்டார்.

“டேய், வெளக்குக்காரிய ஒட்ச்சிக்கீறாருடா!”

எட்டுத் தலையும் என் போன்மேல் கவிழ்ந்தன. இழவு வீட்டுக்குத்தான் அப்படிக் கூட்டம் கூடும்.

“எனுக்கு ரெண்டு வர்சமா வரல அந்தக் கார்டு” என்றார் தலைவர். “ஒட்ச்சி இன்னா பண்ண?”

“எலி பண்ணேன்.”

எட்டாவது ஆள் மட்டும்தான் சிரிக்கவில்லை. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தளவாட பேக்டரி ஒன்றில் வேலை. ரொம்ப வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, வீடு கட்டிக்கொண்டு செவ்வாப்பேட்டைப் பக்கம் போனவர். அவர்தான் பொறுமையாக எனக்கு விளக்கினார். “அண்ணாச்சி, அவ அடிக்க மாட்டா. அவ நிக்க வரைக்கும் ஒவ்வொரு சுத்துலயும் உங்களுக்கு ரெண்டு கார்டு கூடுதலா வரும். நடுவுல எழுதியிருக்கு பாருங்க.” நான் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. சொல்லிவிட்டு அவர் ஆட உட்கார்ந்தார், பட்டாபிராம் வருவதற்குள் என்னை அடித்து முடித்துவிட்டார். பாடம் சொல்லிக்கொடுத்து அடிப்பவரை எந்த வகையில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது.

அடுத்த திங்கட்கிழமையும் தோற்றேன். இந்த முறை இந்துக் கல்லூரி ஸ்டேஷன் வரை தாக்குப்பிடித்தேன். தெற்கத்திக்காரரின் டிராகன் வந்து என் எலிகளை மொத்தமாக ஊதித் தள்ளியது. டிராகன் இல்லாத நேரத்தில் ஒரு தீமழைக் கார்டு வைத்திருந்தார். அது திரையில் இறங்கியிருக்கும் சின்ன உயிர் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் பொசுக்கும். என் படையில் இருந்ததெல்லாம் சின்ன உயிர்தான். அவர் இறங்கிப் போனார், பை வந்து உட்கார்ந்தது, நான் நின்றேன்.

வீட்டில் மனைவிக்குச் சந்தேகம். எப்போது பார்த்தாலும் போனும் கையுமாக இருக்கிறேனே என்று பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“என்ன இது?”

“எலி.”

“நாப்பத்தேழு வயசுல எலி வளக்கறீங்களா?”

“இதுல ஜெயிச்சா ரயில்ல உட்கார எடம் கெடைக்கும்.”

“கேட்டா குடுக்க மாட்டாங்களா?” என்றாள். ரயிலில் போய்ப் பழக்கமில்லாதவர்களுக்கு இதையெல்லாம் விளக்குவது கஷ்டம். விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு இங்கிலீஷைப் படித்தேன். ஒவ்வொரு கார்டின் நடுவிலும் உள்ள பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு, டிராயிங் படிக்கிற மாதிரி படித்தேன். செத்தால் இன்னொரு எலியை விட்டுச் செல்லும் எலி இருக்கிறது. பக்கத்தில் இருக்கிறவனுக்கு ஒரு அடி கூட்டிக்கொடுக்கும் முரசுக்காரக் குள்ளன் இருக்கிறான். எல்லாம் ஒரு துளி, இரண்டு துளிச் சாமான், பொடியும் கொஞ்சம்தான் ஆகும். விளக்குக்காரியின் பொடியில் மிச்சம் இருந்ததைப் போட்டு எல்லாவற்றிலும் இரண்டிரண்டு செய்தேன். முப்பது கார்டில் ஒன்றுகூடத் தங்கம் இல்லை. என் படையைப் பார்த்தால் ரேஷன் கடை வரிசை மாதிரி இருக்கும். ஆனால் எனக்கு அதன்மேல் ஒரு பாசமே வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

மூன்றாவது திங்கட்கிழமை. நெமிலிச்சேரியில் வண்டி கிளம்பியதும் ஆட்டம் ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்தபடி, நான் அவர் முன்னால் நின்றபடி. மற்ற ஏழு பேரில் பாதிப் பேர் எழுந்து வந்து அவர் பக்கம் சாய்ந்துகொண்டு பார்த்தார்கள். என் பக்கம் வந்து பார்க்க யாருமில்லை, அங்கே கதவுவரை கூட்டம். இருவருக்கும் இருபது உயிர், முதலில் பூஜ்யத்துக்கு இறங்குகிறவர் தோற்றவர். எலியும் குள்ளனும் முதல் சுற்றிலேயே இறங்கி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நாலாவது சுற்றில் தீமழை வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அவர் ஒரு காவல்காரனை இறக்கினார். என் எலிகள் அவனைத் தின்றுவிட்டு மேலே போயின. பட்டாபிராம் தாண்டியது. அவர் உயிர் ஒன்பது. இந்துக் கல்லூரி தாண்டியது. அவர் உயிர் நாலு. எட்டாவது சுற்று, அவரிடம் எட்டுத் துளி. டிராகன் வந்தால் நான் அம்பத்தூர் வரை நிற்க வேண்டியதுதான். அடுத்த வாரமும், அதற்கு அடுத்த வாரமும்கூட. கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு அவர் ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு இன்னொரு காவல்காரனை இறக்கினார்.

முரசுக்காரனைப் போட்டு எல்லா எலியையும் ஏவினேன். முடிந்தது. ஆவடி பிளாட்பாரம் வர இன்னும் நேரம் இருந்தது.

பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி கைதட்டினார்கள். தெற்கத்திக்காரர் எழுந்து, மேலேயிருந்து பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, “உக்காருங்க அண்ணாச்சி” என்றார். உட்கார்ந்தேன். குதிகாலிலிருந்து தொடைவரை ஏதோ ஒன்று அவிழ்ந்தது. முக்கால் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். வெட்கமில்லாத சந்தோஷம் அது.

அதற்கடுத்த மூன்று நாளும் என் அட்டகாசம் தாங்க முடியவில்லை. கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தவர்களைக் கூப்பிட்டு, குறைந்த செலவில் டெக் கட்டுவது எப்படி என்று வகுப்பெடுத்தேன். ரயிலில் மற்றவர்களின் டெக்கைப் பார்த்து, “இவ்வளவு கனமான கார்டு எதுக்கு, கீழ எறங்கி யோசிங்க” என்று தலைவருக்கே புத்தி சொன்னேன். அவரும் “ஆமா நைனா, ஆமா” என்று கேட்டுக்கொண்டார். மனைவியிடம், அறிவு இருந்தால் காசில்லாமலே எதையும் சாதிக்கலாம் என்றேன். தெற்கத்திக்காரர் தினமும் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று வந்தார். அவருக்கு என் டெக்கின் நுட்பங்களை நிமிர்ந்து பார்த்தபடி விளக்கினேன். தோற்றவருக்கும் கற்றுக்கொள்ள வாய்ப்பு தர வேண்டும் அல்லவா.

அந்த ஆட்டத்தில் இன்னொரு வசதி உண்டு. முடிந்த போட்டியைத் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். அதில் எதிராளி கையில் என்னென்ன வைத்திருந்தார் என்பதும் தெரியும். வியாழக்கிழமை சாப்பாட்டு வேளையில், என் திறமையை நானே ரசிப்பதற்காக அதைப் போட்டேன். மூன்று தடவை என் பக்கத்தை மட்டுமே பார்த்து ரசித்தேன். நாலாவது தடவை கண் மேலே, அவர் கையிலிருந்த கார்டுகளுக்குப் போனது.

நாலாவது சுற்றில் அவர் கையில் தீமழை இருந்தது. ஐந்தாவது சுற்றிலும் இருந்தது. எட்டாவது சுற்றில் தீமழையோடு டிராகனும் இருந்தது. ஒரு புஷ் அளவு தப்பினால் கை தவறியிருக்கலாம் என்று சொல்லலாம். வரிசையாக எல்லாமே ஒரே பக்கமாகத் தப்பினால், லேத்தில் நிற்கிறவன் வேண்டுமென்றே செய்கிறான் என்று அர்த்தம். டப்பாவை மூடிவிட்டேன்.

மறுநாள் காலை உட்காரவில்லை. முக்கால் இடத்தைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். அவர் மாட்டேன் என்றார். இரண்டு பேரும் நின்றோம். இடம் சும்மா கிடந்தது, ஏழு பேரும் அதைப் பார்க்காத மாதிரி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் டிராகன எறக்கல?” என்றேன்.

“எந்த டிராகன் அண்ணாச்சி?”

“திரும்பப் போட்டுப் பாத்தேன். தீமழையும் இருந்தது.”

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “மொதல்ல ரெண்டு தடவ, நீங்க ஏதோ வெளையாட்டுப் பைத்தியம்னு நெனச்சேன். நல்லாத்தான் அடிச்சேன். பொறவு ஒருநாள் ஷூவக் கழத்திட்டு, வலது கால ஊனாம கம்பியில தொங்கிட்டு வந்தீங்க. எங்க அப்பாவுக்கும் குதிகால்தான். நான் ஆவடியில எறங்கிருவேன், எனக்கு நாலு ஸ்டேஷன் என்ன பெருசு? கால் நோவுதுன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்லியிருந்தா அன்னிக்கே எந்திரிச்சிருப்பேனே. நீங்க எலியத் தூக்கிட்டுல்லா சண்டைக்கு வாரீங்க.”

எனக்குக் காது சுட்டது. “யாருக்கும் தெரியாதுல்ல?” என்று கேட்டேன். அந்த நேரத்திலும் அதைத்தான் கேட்கத் தோன்றியது.

தலைவர் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “அவ்ரு தோள்மேலதான நைனா சாஞ்சிகினு இருந்தோம். கையில டிராகன் கீறது எங்குளுக்குத் தெரியாதா? நீ குந்து மொதல்ல. கால வெச்சிகினு நிக்காத.”

உட்கார்ந்தேன். வலி இறங்கியது, நான் தலை நிமிரவில்லை. அன்றைக்கு அவர்கள் கைதட்டியது அந்த மனிதருக்கு. நானோ உட்காருவதற்கு முன்னால், இரண்டு கையையும் கூப்பி, நாலு பக்கமும் திரும்பிக் கும்பிடு போட்டிருந்தேன்.